இணையத்தில் எழுத்தாளரும் வாசகத் திரளும்: வெண்முரசை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அச்சு ஊடகத்தில் வாசகரைத் திரட்டும் பொறுப்பைப் புரவலரும் பதிப்பாளரும் இதழாசிரியரும் பெரிதும் ஏற்றிருந்தனர். இணையம் அப்பொறுப்பை எழுத்தாளரிடமே ஒப்படைத்துள்ளது. இம்மாற்றத்தால் எழுத்தாளர் அடைந்த பயனையும் திறனாய்வு எதிர்கொள்ளும் சிக்கலையும், ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் எழுதிய ‘வெண்முரசு’ நாவல் வரிசையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. காலஒழுங்கு, மறுமொழி, கூடுகை என்னும் மூன்றும் அவ்வாசகத் திரளை உருவாக்கின என்பதும், அத்திரள் விட்டுச் சென்றுள்ள கடிதங்களை ஏற்புவரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமிடத்து ஆய்வாளர் சில வரம்புகளைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: இணைய இலக்கியம், வாசகத் திரள், வெண்முரசு, தொடர்கதை, வாசகர் கடிதம், ஏற்புவரலாறு.

முன்னுரை

ஒரு படைப்பு எழுதி முடிக்கப்படுவதற்கும் வாசிக்கப்படுவதற்கும் இடையே நிகழும் பணிகள் இலக்கிய வரலாறுகளில் அரிதாகவே பதிவாகின்றன. கைப்படியைத் தெரிவு செய்தல், செம்மை செய்தல், அச்சிடுதல், விற்றல், பேசவைத்தல் ஆகிய அப்பணிகளை அச்சுக்காலத்தில் பலர் பகிர்ந்து செய்தனர். இன்று தம் பெயரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கும் எழுத்தாளர் அவை அனைத்தையும் தாமே செய்ய நேர்கிறது. வாசகரை ஈர்ப்பதற்கு அடிக்கடி எழுதவேண்டும், சுருக்கமாக எழுதவேண்டும், எளிமையாக எழுதவேண்டும் என்னும் அறிவுரைகள் அவருக்குப் பல திசைகளிலிருந்தும் வருகின்றன. இவற்றுள் முதலாவதை மட்டும் கடைப்பிடித்து, ஏனைய இரண்டையும் புறந்தள்ளிய ஒரு முயற்சி தமிழில் நிகழ்ந்துள்ளது. அது எவ்வாறு வாசகரைப் பெற்றது என்பதும், அவ்வாறு பெற்ற வாசகத் திரளைத் திறனாய்வு எங்ஙனம் மதிப்பிடவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வினாக்கள்.

அச்சுக்கால முன்வரலாறு

வாசகரை எழுத்தாளர் நேரடியாகத் தேடிச் செல்வது இணையத்தால் தோன்றிய வழக்கமன்று. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவை ஈடுசெய்ய முன்கூட்டியே கையொப்பம் பெறும் முறையை மேற்கொண்டார். நூல் வெளிவருமுன்பே அதனை வாங்க ஒப்பியோரின் உதவி பதிப்புக்கு அடிப்படையாயிற்று. சமண நூலொன்றின் பொருள் நுட்பங்களை அறியக் கும்பகோணத்துச் சமணர்களை அவர் அணுகியதும் நோக்கத்தக்கது. பொருளுதவி செய்தோரும் பொருள்விளக்கம் தந்தோரும் பதிப்பின் உருவாக்கத்திலேயே இடம்பெற்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் வார இதழ் இவ்வுறவை வேறொரு வடிவில் நிலைநிறுத்தியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை அவரே ஆசிரியராயிருந்த இதழில் தொடராக வந்தது. நிறைவுற்றபின் பாத்திரங்களின் பிற்கால வாழ்வு குறித்து வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு விடையளிக்கும் வகையில் அவர் முடிவுரை எழுதினார். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வெளியானபோது எழுந்த வாசகர் விவாதம், அக்கதையின் முடிவை மாற்றிப் பார்க்கும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலுக்கு வழிகோலியது. அந்நாவல் 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாசகரின் மறுப்பு படைப்பாளியை மீண்டும் எழுதத் தூண்டியதற்கு இது தக்க சான்றாகும்.

இதற்கு மறுமுனையில் நின்றவை சிற்றிதழ்கள். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ பெருந்திரளை நாடவில்லை. புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் உரிய ஒரு சிறு வட்டத்தை உருவாக்கியது. அவ்விதழையும் எழுத்து பிரசுர நூல்களையும் அவரே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றார். பரந்த வாசகரை அடைந்த வார இதழ் தன் வணிகத் தேவைகளைப் படைப்பின்மீது சுமத்தியது. அத்தேவைகளை மறுத்த சிற்றிதழ் சில நூறு வாசகரோடு நின்றது. தமிழ் நவீன இலக்கியம் நெடுங்காலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் தனக்கென ஓர் அரங்கைத் தேடியது.

இணையத் தமிழின் தொடக்கநிலை

மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. ‘திண்ணை’ இணைய இதழ் 1999-இல் தோன்றியது. 2003 அளவில் தமிழ் வலைப்பூக்கள் பெருகின. தொடக்க ஆண்டுகளில் எழுத்துருக் குறியேற்றங்கள் பலவாக இருந்தமையால், ஒரு தளத்தின் எழுத்துருவைத் தரவிறக்காமல் அதனைப் படிக்க இயலாத நிலை நிலவியது. ஒருங்குறி பரவலான பின்னரே எத்தளத்தையும் எக்கணினியிலும் படிப்பதும், ஒருவர் எழுதியதை மற்றவர் தேடிக் கண்டடைவதும் எளிதாயின.

சிற்றிதழ்ச் சூழலில் இருந்து வந்த எழுத்தாளர்க்கு இணையம் இரு வாய்ப்புகளை அளித்தது. ஒன்று, பக்க வரையறை நீங்கியது. மற்றொன்று, தபாலில் இதழ் சென்றடையாத ஊர்களிலும் நாடுகளிலும் வாழ்ந்த தமிழர் உடனுக்குடன் படிக்கலாயினர். ‘விஷ்ணுபுரம்’ (1997), ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999) ஆகிய பெருநாவல்களால் அறியப்பட்டு, ‘சொல்புதிது’ சிற்றிதழிலும் பங்காற்றிய ஜெயமோகன், ‘திண்ணை’யில் எழுதிப் பின்னர்த் தம் பெயரிலேயே தளம் அமைத்துக்கொண்டார். 2011-இல் அத்தளத்தில் அடுத்தடுத்து வெளியாகி ‘அறம்’ என்னும் தொகுப்பான சிறுகதைகள், தொடர்ந்து எழுதப்படும் புனைவை வாசகர் திரையில் படித்து உடனே எதிர்வினையாற்றுவர் என்பதைக் காட்டின. இக்கதைகளுள் ஒன்றாகிய ‘யானை டாக்டர்’ வாசகர்களின் முயற்சியால் சிறுநூலாக அச்சிடப்பட்டு இலவசமாகவும் பரவியது. வெண்முரசுக்கு வேண்டிய நிலம் இவ்வாறு முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது.

காலஒழுங்கு

மகாபாரதத்தை நாவல் வடிவில் மறு ஆக்கம் செய்யும் வெண்முரசு, 2014 சனவரி 1 அன்று ‘முதற்கனல்’ என்னும் நூலுடன் தொடங்கி, 2020 சூலையில் ‘முதலாவிண்’ என்னும் இருபத்தாறாவது நூலுடன் நிறைவுற்றது. நூல்களுக்கிடையேயான சிறு இடைவெளிகள் நீங்கலாக, நாள்தோறும் ஓர் அத்தியாயம் வெளியாயிற்று. அச்சில் இவ்வரிசை பல்லாயிரம் பக்கங்கள் கொண்டது.

வார இதழ்த் தொடர் வாசகரை ஏழு நாள் காத்திருக்கச் செய்தது. அத்தியாயத்தின் இறுதியில் திகிலையோ திருப்பத்தையோ வைத்து அக்காத்திருப்பை ஈடுசெய்யவேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. நாள்தோறும் வெளியாகும் தொடருக்கு அக்கட்டாயம் குறைவு. மேலும், பாரதக் கதையின் முடிவு அனைவரும் அறிந்தது. எனவே, ‘அடுத்து என்ன நிகழும்’ என்னும் ஆவலைவிட, ‘அறிந்த நிகழ்ச்சி எவ்வாறு சொல்லப்படும்’ என்னும் எதிர்பார்ப்பே வாசகரை மறுநாளும் அழைத்து வந்தது எனலாம். வடதமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள்கள் நிகழும் விழாவில் இதனையொத்த கேள்விமரபைக் காணலாம். அங்குக் கூடுவோர் கதை அறிந்தே வருகின்றனர். ஒரு நாள் தவறினும் மறுநாள் கதையோடு இணைந்துகொள்கின்றனர்.

வெண்முரசின் மொழிநடையும் கருதத்தக்கது. பிறமொழிச் சொற்களைக் கூடியவரை தவிர்த்தும், புதுச் சொல்லாக்கங்களைக் கையாண்டும், நெடிய வருணனைகளோடும் அது இயங்குகிறது. நான்காம் நூலாகிய ‘நீலம்’ கவிதைக்கு அணித்தான உரைநடையில் அமைந்து, முந்தைய மூன்று நூல்களின் நடைக்குப் பழகிய வாசகரிடம் புதிய உழைப்பைக் கோரியது. இணைய வாசகர் எளியதையும் சுருங்கியதையும் மட்டுமே ஏற்பர் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. நாள்தோறும் ஒரே அளவான பகுதி கிடைத்தமையால் கடின நடையும் பழக்கத்தின் வழி வசப்பட்டிருக்கக் கூடும். ஒருசேரக் கையில் கொடுத்தால் அயரவைக்கும் நூல், நாளொன்றுக்கு ஒரு பகுதியாகப் பிரிக்கப்படுகையில் அன்றாட வாழ்வின் ஓர் உறுப்பாகிறது. இத்தொடரின் காலஒழுங்கு வாசகரின் கவனத்தைத் தக்கவைத்ததோடு, அவரைப் பயிற்றவும் செய்தது.

மறுமொழி

இவ்வாசகத் திரளின் இரண்டாம் அடிப்படை கடிதம். வாசகர் மின்னஞ்சலில் எழுதும் கடிதத்தைத் தலைப்பிட்டு வெளியிடுவதும், அதற்கு ஆசிரியர் மறுமொழி எழுதுவதும் ஜெயமோகனின் தளத்தில் நிலைபெற்ற வடிவமாகும். மறுமொழி பலவேளைகளில் தனிக்கட்டுரையாகவே விரிகிறது. வெண்முரசு குறித்த கடிதங்களுக்கெனத் தனித்தளமும் இயங்கியது.

பதிவுக்குக் கீழே ஓரிரு சொற்களில் இடப்படும் கருத்துரைக்கும் இக்கடிதத்திற்கும் உள்ள வேறுபாடு வடிவத்தைச் சார்ந்தது. கடிதம் எழுதுபவர் தம் வாசிப்பைத் தொகுத்துக்கொள்ளவும், ஒரு படிமத்தையோ பாத்திரத்தையோ தெரிந்தெடுத்துப் பேசவும், பெயருடன் பொறுப்பேற்கவும் வேண்டியுள்ளது. இப்பயிற்சி வாசகர் சிலரை எழுத்தாளராகவும் திறனாய்வாளராகவும் வளர்த்தது. ‘அம்புப் படுக்கை’ சிறுகதைத் தொகுப்புக்காக 2018-இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்ற சுனில் கிருஷ்ணன் இவ்வாசகச் சூழலில் இயங்கியவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரு வாசகத் திரளின் வளத்தை அதன் பருமனைக்கொண்டு அளப்பதைவிட, அதிலிருந்து எழுந்துவரும் அடுத்த தலைமுறை எழுத்தைக்கொண்டு அளப்பதே இலக்கிய நோக்கில் பொருத்தமானது.

எனினும், எக்கடிதம் வெளிவரவேண்டும், எதற்கு மறுமொழி வேண்டும், எத்தலைப்பு வேண்டும் என்பனவற்றைத் தள உரிமையாளராகிய ஆசிரியரே முடிவு செய்கிறார். கல்கியும் தம் இதழின் ஆசிரியரே என்பதால், தெரிவதிகாரம் படைப்பாளியிடமே குவிவது முற்றிலும் புதிதன்று. ஆயினும் அக்காலத்தில் ஓரிதழின் தெரிவுக்குப் புறத்தே பிற இதழ்களின் மதிப்புரைகள் இருந்தன. நாள்தோறும் பெருகும் ஒரு நெடுந்தொடரை உடன்தொடர்ந்து படித்து, புறத்தே நின்று மதிப்பிடும் திறனாய்வாளர் அரிதாகவே அமைவார். இதனால், தொடரைப் பற்றிய பேச்சின் பெரும்பகுதி ஆசிரியரின் தளத்திலும் அதனைச் சார்ந்த வட்டத்திலும் நிகழும் நிலை ஏற்படுகிறது.

கூடுகை

மூன்றாம் அடிப்படை நேர்ச்சந்திப்பு. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ போன்ற இலக்கியச் சந்திப்புகள் இதற்கு முன்னோடிகள். திரையில் தனித்துப் படித்தோர் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் நிகழ்ச்சிகளில் நேரில் கூடினர். சென்னை, புதுச்சேரி முதலிய ஊர்களில் வெண்முரசு குறித்த தொடர் கூடுகைகள் நடைபெற்றன. அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் இந்நாவல் வரிசை குறித்து ஆவணப்படம் ஒன்றை உருவாக்கினர்.

இவ்வட்டம் 2010 முதல் வழங்கிவரும் விஷ்ணுபுரம் விருது, வாசகத் திரளை ஓர் எழுத்தாளரைக் கடந்து இட்டுச்செல்லும் முயற்சியாகும். ஆ. மாதவன், பூமணி, தேவதேவன், தெளிவத்தை ஜோசப், ஞானக்கூத்தன், ராஜ் கௌதமன், அபி முதலியோர் இவ்விருதைப் பெற்றுள்ளனர். விருதையொட்டி அவ்வெழுத்தாளரின் படைப்புகளை வாசித்துக் கட்டுரையும் கடிதமும் எழுதுவது வழக்கமாயிற்று. மலையகத்தைச் சேர்ந்த தெளிவத்தை ஜோசப்பும், மலேசியாவின் சீ. முத்துசாமியும் தமிழகத்தில் புதிய வாசகரைப் பெற இது ஒரு வாயிலாயிற்று. ஒரு தளத்தைச் சுற்றித் திரண்ட கவனம் வேறு எழுத்தாளர்பால் திருப்பப்படுவது, அத்திரள் தனிமனித ஈர்ப்பாகச் சுருங்காமல் காக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

பொருளியல் நோக்கிலும் இத்தொடர்ச்சி தெளிவாகிறது. வெண்முரசு முழுவதும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்க, அதன் செம்பதிப்புகள் முன்பதிவின் வழி அச்சில் வெளிவந்தன. படித்து முடித்த நூலையே வாசகர் வாங்கினர். உ.வே.சா. பெற்ற கையொப்பமும் இம்முன்பதிவும், நூலுக்கு முன்னரே வாசகர் உறுதிப்படும் ஒரே முறையின் இரு காலத்து வடிவங்களாகத் தோன்றுகின்றன.

எண்ணிக்கையும் வாசிப்பும்

2014-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் ‘பிரதிலிபி’ தொடங்கப்பட்டது. பல இந்திய மொழிகளில் தொடர்கதைகளை வெளியிடும் இத்தகைய பொதுத்தளங்களில் வாசித்தோர் எண்ணிக்கை, மதிப்பீட்டு நட்சத்திரம், பின்தொடர்வோர் தொகை ஆகியன படைப்போடு சேர்த்தே காட்டப்படுகின்றன. அச்சிதழின் வாயிலைக் கடக்க இயலாத பலர்க்கு, குறிப்பாக வீட்டிலிருந்தே எழுதும் பெண்களுக்கு, இத்தளங்கள் பெரிய அளவில் வாசகரைத் தந்துள்ளன. இதனைக் குறைத்து மதிப்பிடுவது திறனாய்வின் பழைய சாய்வைத் தொடர்வதாகும்.

ஆயினும் எந்தப் படைப்பு முகப்பில் தோன்றவேண்டும் என்பதைப் பொதுத்தளத்தின் கணிநிரல் தீர்மானிக்கிறது. தளம் தன் விதியை மாற்றினால் எழுத்தாளரின் வாசகர் சிதறுவர். எண்ணிக்கை உடனுக்குடன் தெரிவதால், அதனை உயர்த்தும் திருப்பங்களையும் கதைமாந்தரையும் மீண்டும் மீண்டும் எழுதும் தூண்டுதல் எழுகிறது. முற்காலத்தில் இதழ் விற்பனை மாதந்தோறும் தந்த அழுத்தம் இங்கு நாள்தோறும் வருகிறது. தனித்தளம் வைத்திருக்கும் எழுத்தாளர் இவ்வழுத்தத்திலிருந்து ஓரளவு விலகி நிற்கலாம். ‘நீலம்’ போன்றதொரு நடைமாற்றம், எண்ணிக்கை சரிந்தாலும் ஏற்கலாம் என்னும் உரிமை உள்ளவிடத்தே எளிதில் நிகழும். ஆனால் அவ்வுரிமைக்கு விலையும் உண்டு. பதிப்பாசிரியரின் இடையீடு இன்றி நாள்தோறும் வெளியிடும்போது, கூறியது கூறலும் அளவிறந்த விரிவும் நேர்வதற்கு இடமுண்டு. அவற்றைத் தடுக்கும் கை தனித்தளத்தில் இல்லை.

ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டுவன

இணையத்தில் வளர்ந்த வாசகத் திரள் ஆய்வாளர்க்கு அரிய வாய்ப்பொன்றைத் தருகிறது. ‘பொன்னியின் செல்வ’னை அன்று படித்தோர் ஒவ்வொரு வாரமும் என்ன எண்ணினர் என்பதை முழுமையாக மீட்டறிய வழியில்லை. வெண்முரசுக்கு அத்தகைய நாட்குறிப்பு ஒன்று நாளிட்ட கடிதங்களாகக் கிடைக்கிறது. ஆயினும் அதனைப் பயன்படுத்துகையில் மூன்று வரம்புகள் உள்ளன.

முதலாவது, வெளியான கடிதங்கள் தெரிவு செய்யப்பட்டவை. அவை ஏற்பின் ஒரு பகுதியையே காட்டும். இரண்டாவது, இடையில் வாசிப்பைக் கைவிட்டவர் பெரும்பாலும் கடிதம் எழுதுவதில்லை. ஐந்தாம் நூலோடு நின்றவரின் மௌனமும் ஓர் எதிர்வினையே. அதனைக் கள ஆய்வின் வழியே பெறவேண்டும். கடிதங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் ஆய்வேடு, இறுதிவரை உடன்வந்தோரின் குரலையே வாசகரின் குரலாகக் கொண்டுவிடும். மூன்றாவது, இணையப் பாடம் எந்நேரமும் திருத்தப்படக் கூடியது. அச்சுப் பதிப்பும் தளத்துப் பாடமும் வேறுபடுமிடத்து எதனை ஆதாரமாகக் கொள்வது என்பது மூலபாடத் திறனாய்வுக்குரிய வினா. தளத்தில் அத்தியாயங்களோடு வெளியான ஓவியங்களும் அவற்றையொட்டிய கடிதங்களும் பாடத்தின் சூழலைச் சேர்ந்தவை. அச்சு நூலை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் இச்சூழலை இழக்கச் செய்கிறது.

இவற்றோடு அழிவின் அச்சமும் உண்டு. பழைய குறியேற்றங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் பல இன்று படிக்க இயலாத நிலையில் உள்ளன. ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது அதில் இருந்த பக்கங்கள் பெருமளவில் மறைந்தன. ஓலைச்சுவடியைத் தேடி ஊர்ஊராகச் சென்ற பதிப்பாசிரியர்களைப் போற்றும் தமிழ்த்துறைகள், தம் கண்முன் உருவான இலக்கியச் சூழலொன்றின் சான்றுகளை நாளிட்டுப் படியெடுத்துப் பாதுகாக்கும் திட்டத்தையும் மேற்கொள்ளவேண்டும். தனி எழுத்தாளரின் தளம் ஆண்டுதோறும் செலுத்தப்படும் கட்டணத்தால் நிலைத்திருப்பது. அவர் வாழ்நாளுக்குப் பின் அதன் நிலை உறுதியன்று.

முடிவுரை

வெண்முரசின் வாசகத் திரள் தொழில்நுட்பத்தால் மட்டும் விளைந்ததன்று. நாள் தவறாமை, கடிதத்திற்கு மறுமொழி, நேரில் கூடுதல் ஆகிய மூன்றும் இதழியலிலும் சிற்றிதழ் மரபிலும் ஏற்கெனவே இருந்தவை. வார இதழின் பரப்பையும் சிற்றிதழின் தீவிரத்தையும் ஓரிடத்தில் சேர்க்க இணையம் இடமளித்தது. ஓர் எழுத்தாளர் ஆறரை ஆண்டு உழைப்பால் அதனைப் பயன்படுத்திக்கொண்டார். அதே வேளையில் படைப்பு, வெளியீடு, தெரிவு, விவாதம் ஆகிய நான்கும் ஒரே கையில் குவிந்தமையால், புறத்தே நின்று மதிப்பிடும் பணி பின்தங்கியது.

அப்பணி எழுத்தாளருடையதோ அவர்தம் வாசகருடையதோ அன்று. இருபத்தாறு நூல்களையும் படித்து, நடையையும் கட்டமைப்பையும் பாடவேறுபாட்டையும் விவாதிக்கும் கடமை கல்விப்புலத்திற்கு உரியது. தன்னைத் தானே திரட்டிக்கொண்ட இவ்வாசகத் திரளுக்குக் கல்விப்புலம் ஆற்றவேண்டிய எதிர்வினை இன்னும் பெருமளவில் நிலுவையில் உள்ளது.